சப்பாத்துக்கடைப் பின்னறையில் போட்ட ஊசிகள்

அக்கா,

போன கிழமை மகளுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கப் போனேன். உங்கள் கடைக்குப் போகவில்லை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள், அங்கே போனேன். ஏன் உங்கள் கடையைத் தாண்டிப் போனேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உங்கள் தம்பி வாசலில் நின்று கையைக்கூடக் காட்டினார். நானும் கையைக் காட்டிவிட்டு நடந்துவிட்டேன்.

புதுக் கடைக்காரர் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளிருந்த மெல்லிய தாளை விலக்கினார். றப்பரும் பசையும் புது அட்டையும் கலந்த அந்த வாடை மேலே வந்தது. அவ்வளவுதான். தொப்புளுக்குப் பக்கத்தில், ஊசி குத்தினதுபோலச் சுருக்கென்றது. கை தானாக வயிற்றுக்குப் போய்விட்டது.

"அம்மா, சப்பாத்து எனக்குத்தானே? நீங்க ஏன் வயித்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று மகள் கேட்டாள்.

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாடை மூக்கைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்களிடம் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. எதை முதலில் கேட்பது என்றுதான் தெரியவில்லை, என் மனதில் எதுவும் வரிசையாக இல்லை.

உங்களை முதலில் பார்த்தது கண்டியில், பிள்ளையில்லாதவர்கள் போகும் அந்தக் கிளினிக்கில். நீல நிறம் அடித்த நீள வாங்கில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்போமே, அங்கே. நீங்கள் மட்டும் என் காலைப் பார்த்தீர்கள்.

"ஹட்டன்தானே நீங்க? எங்கட கடைக்கு வந்திரிக்கிறீங்க. ஆறாம் நம்பர். இடது கால் கொஞ்சம் பெருசு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊருக்குத் தெரியாமல் அவ்வளவு தூரம் ரயிலேறி வந்தால், அங்கே உட்கார்ந்திருப்பது ஊர்ச் சப்பாத்துக்கடை அக்கா. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பிறகு நீங்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்து, பாதியை என் பக்கம் தள்ளினீர்கள். திரும்பி வரும்போது ஒரே ரயில் பெட்டியில் வந்தோம். வட்டவளை வருவதற்குள் என் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். கலியாணம் முடித்து ஏழு வருடம். வேலை, எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் கொண்டுவந்து விடுகிற பிள்ளைகளை மாலைவரை பார்த்துக்கொள்வது. அவர்கள் பிள்ளையை என் கையில் தரும்போது என் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவார்கள் என்று சொன்னேன். நீங்கள் உங்கள் கதையைச் சொல்லவில்லை. "எனக்கும் அப்படித்தான்" என்று மட்டும் சொன்னீர்கள். அந்த இரண்டு வார்த்தைக்குள் எவ்வளவு இருந்தது என்று எனக்கு அப்போது எப்படித் தெரியும்?

ஊசி போடச் சொன்னார்கள். சூலகத்தில் முட்டை வளர்வதற்கான ஊசி, தினமும் ஒன்று, குளிரில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வேறு யாரிடமாவது வைத்தால் பொழுது சாய்வதற்குள் மேட்டு லயம் வரைக்கும் கதை போய்விடும். நீங்கள்தான், "கடைக்கு மேலதான் எங்கட வீடு, அங்க வைங்க. என்ட ஊசியும் அங்கதான் இரிக்கி" என்றீர்கள்.

அப்படித்தான் அந்தப் பின்னறை. கூரைவரைக்கும் அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் நம்பர். நடுவில் ஒரு ஸ்டூல். வேலை முடிந்து நான் பஸ்ஸில் வந்து இறங்குவேன். உங்கள் தம்பி கல்லாவில் இருந்தபடியே உள்ளே பார்த்து, "தாத்தா, அவங்க வந்துட்டாங்க" என்பார். முதல்நாள் அதைக் கேட்டு நான் சுற்றுமுற்றும் பார்த்தேன், எங்கே கிழவர் என்று. உங்கள் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தீர்கள்.

எனக்கு நீங்கள் போடுவீர்கள், உங்களுக்கு நான். நீங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லிக் குத்துவீர்கள். நான் முருகா என்பேன். ஒருநாள் வாய் தவறி, உங்களுக்கு ஊசி போடும்போது நான் பிஸ்மில்லாஹ் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்த்தீர்கள்.

"இண்டைக்கு ரெண்டு பேரும் ஒரே ஆளிட்ட கேட்டிரிக்கிறோம். பாப்போம், யாருக்குக் கெடைக்கிதுண்டு."

எனக்குக் கிடைத்தது.

உங்களுக்குக் கிடைக்கவில்லை.

அதை உங்களிடம் சொல்ல வந்த நாளை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஒரு பையனின் சப்பாத்துக்கு நூல் கோர்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் காதோடு சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றீர்கள். என் கன்னத்தைத் தொட்டீர்கள். பிறகு திரும்பி அந்த நூலைக் கோர்க்கத் தொடங்கினீர்கள். கோர்த்து முடித்ததை உருவி, மறுபடியும் கோர்த்தீர்கள். பையனின் அம்மா, "சரிதானேம்மா, குடுங்க" என்று கேட்ட பிறகுதான் கொடுத்தீர்கள். நான் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். சந்தோஷமாக வந்தேனா, அழுதுகொண்டு வந்தேனா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குள் என் வயிறு மூன்றாம் மாதத்திலேயே ஐந்து மாதம்போல ஊதிவிட்டது. ஸ்கேன் பண்ணிய டொக்டர், ஊசிக்கு என் சூலகங்கள் அளவுக்கு மிஞ்சி வேலை செய்திருக்கின்றன, இரண்டு பக்கமும் நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை, தானாக வற்றிவிடும் என்றார். இடது பக்கம் வற்றியது. வலது பக்கத்தில் ஒன்று தோடம்பழம் அளவில் அப்படியே இருந்தது. ஒரு டொக்டர், பிள்ளை பிறந்த பிறகு எடுக்கலாம் என்றார். அடுத்த கிளினிக்கில் வேறொருவர், எடுக்கவே தேவைப்படாது என்றார். எனக்குப் பிள்ளை தந்தது எதுவோ, அதுவே எனக்குக் கட்டியையும் தந்திருக்கிறது. இதற்கு நான் நன்றி சொல்வதா, பயப்படுவதா? என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் தோட்டத்துத் தேயிலையைக் கொழும்புக்கு ஏற்றிப்போகும் லொறி ஓட்டுகிறவர். "டொக்டர்மாருக்கே தெரியல, என்கிட்ட கேக்குற" என்றார்.

உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்.

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம் அக்கா."

நீங்கள் பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தீர்கள். பெட்டி நசுங்கியது. அதைக் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் போன் வரும். "நோவு இரிக்கா?" இல்லை என்றால், "சரி" என்று வைத்துவிடுவீர்கள். பிள்ளை அசைகிறதா, என்ன சாப்பிட்டீர்கள், ஆணா பெண்ணா, ஒன்றுமே கேட்க மாட்டீர்கள். உலகத்தில் எல்லோரும் பிள்ளையைப் பற்றிக் கேட்டார்கள். நீங்கள் மட்டும் நோவைப் பற்றிக் கேட்டீர்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் நான் போன் பேசுவதைக் கேட்டுவிட்டு, "என்ன அது, வாயத் தொறந்தா நோவு நோவுன்னு? நல்ல வார்த்தையே வராதா அந்தம்மாவுக்கு?" என்றார். எனக்கும் அது புரியாமல்தான் இருந்தது.

எட்டாம் மாதத்தில் என் கால் வீங்கி, பழைய செருப்பு ஏறவில்லை. கிளினிக் நாளில் டவுனுக்கு வந்தவள் அப்படியே உங்கள் கடைக்கு வந்தேன். வெளியே நல்ல மழை. கடையில் வேறொரு அம்மா தன் மகளுக்குச் சப்பாத்து பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் தரையில் முழங்காலிட்டு என் காலைப் பிடித்து, எட்டாம் நம்பரை மாட்டினீர்கள். நான் குனிந்து பார்த்தேன். அப்போதுதான் வந்தது.

வலி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இது வேறு. வலது பக்கம் அடியில் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கியது. மூச்சு வரவில்லை. பிறகு விட்டது. நான் சிரிக்கப் பார்த்தேன். மறுபடியும் முறுக்கியது. இந்தமுறை வாந்தி வந்தது. புதுச் செருப்பின் மேலேயே எடுத்துவிட்டேன்.

"புள்ள வலிதான்" என்றார் அந்த அம்மா. "எட்டாம் மாசத்துல பொய்வலி வரும். சீரகத் தண்ணி போட்டுக் குடுங்க, கொஞ்சம் சாஞ்சி இருந்தா போயிரும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது. வலி விட்டுவிட்டு வந்தது, பிள்ளை வலி அப்படித்தான் வரும் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.

நீங்கள் எழும்பவில்லை. தரையில் இருந்தபடியே கேட்டீர்கள். "எங்க நோவுது? ஒரு வெரலால காட்டுங்க."

காட்டினேன்.

"இது புள்ள நோவு இல்ல."

அந்த அம்மா கோபப்பட்டு விட்டார். "நாலு பெத்தவ சொல்றேன். நீங்க பெத்திருக்கீங்களா, தெரியிறதுக்கு?"

நீங்கள் எழுந்து போய்க் கடையின் இரும்புக் கதவைப் பாதிக்கு இழுத்துவிட்டு, "வேனை எடுங்க" என்று மேல்மாடியைப் பார்த்து உங்கள் கணவரைக் கூப்பிட்டீர்கள். அப்படி ஒரு குரல் உங்களிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

பக்கத்து ஆஸ்பத்திரி வேண்டாம், நேரே நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்கு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். தலவாக்கலை தாண்டியதும் பனிமூட்டம் இறங்கிவிட்டது. வேனின் லைட் இரண்டு முழத்துக்கு மேல் தெரியவில்லை. என் தலை உங்கள் மடியில். ஒரு சப்பாத்துப் பெட்டியை என் வாய்க்கு நேரே பிடித்திருந்தீர்கள். நிரம்பியதும் யன்னலால் கொட்டிவிட்டு அதையே மறுபடி பிடித்தீர்கள். என் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தபடியே இருந்தீர்கள், அவர் லொறி எங்கேயோ சிக்னல் இல்லாத இடத்தில். நான் கேட்டேன், "அக்கா, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" நீங்கள், "இப்ப எப்படி நோவுது?" என்று கேட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் எனக்கு நினைவிருப்பது துண்டு துண்டாகத்தான். வயிற்றில் பெல்ட் கட்டினார்கள். பிள்ளையின் இதயம் குதிரை ஓடுவதுபோலக் கேட்டது. ஒரு டொக்டர் கருப்பை இறுகுகிறது, பிரசவம் தொடங்கிவிட்டது என்றார். இன்னொருவர் குடல்வாலாக இருக்கலாம் என்றார். அவர்களுக்கும் குழப்பம். நீங்கள் என் தலைமாட்டில் நின்று, நல்ல சிங்களத்தில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். பிள்ளை உண்டாக ஊசி போட்டது, கட்டி வந்தது, வலது பக்கக் கட்டி வற்றாமல் இருந்தது, இன்று திடீரென்று பிடித்தது. வெளியே போகச் சொன்ன தாதியிடமும் அதையே சொன்னீர்கள். கடைசியில் ஒரு பெண் டொக்டர் வந்து, ஸ்கேன் கருவியை வைத்து வெகுநேரம் தேடினார். பிள்ளை பெரிதாகிவிட்டதால் சூலகம் பின்னால் மறைந்திருந்ததாம். பிறகு அவர் கை ஒரு இடத்தில் நின்றது.

தமிழ் தெரிந்த ஒரு தாதி மிஸ் என் காதருகே குனிந்து விளங்கப்படுத்தினார். "கட்டியோட சேர்ந்து சூலகம் முறுக்கிக்கிட்டிச்சும்மா. அதுக்கு ரத்தம் போகல. வயித்தத் திறக்கணும். பிள்ளையையும் இப்பவே எடுக்க வேண்டி வரும்."

"பிள்ளை பொழைக்குமா மிஸ்?"

"சின்னப் பிள்ளை. ஆனதெல்லாம் செய்வோம்."

ஒப்பரேஷன் தியேட்டர் கதவுவரை நீங்கள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். அங்கே நின்று நீங்கள் சொன்னதை நான் ஒருநாளும் மறக்கவில்லை. "அவங்க எதை எடுத்தாலும் எடுக்கட்டும். நீங்க வெளிய வாங்க. கேட்டீங்களா? நீங்க வெளிய வரணும்."

அப்போதும் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கண் விழித்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். பெண் பிள்ளை என்றார். சின்னது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், மூச்சுக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள், ஆனால் அழுதாள் என்றார். வலது சூலகம் கறுத்துப் போயிருந்ததாம், எடுத்துவிட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் உள்ளே கிருமி பரவி இரண்டு உயிருக்கும் ஆபத்தாகியிருக்கும் என்று அந்தப் பெண் டொக்டர் சொன்னாராம்.

"அக்கா எங்க?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. அவர் வரும்போது நீங்கள் இல்லை. மறுநாள் அந்தத் தமிழ் மிஸ்தான் சொன்னார். "அவங்க உங்க அக்காவா? பிள்ளை அழுத சத்தம் கேட்டிச்சு. ஒடனே எழும்பிப் போய்ட்டாங்க. திரும்பிக்கூடப் பாக்கல."

அக்கா, ஏன் போனீர்கள்?

மகள் அந்தக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தவரை நீங்கள் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் வரவில்லை. போன் எடுத்தால் உங்கள் கணவர் பேசுவார், "அவ கொஞ்சம் சொகமில்ல" என்பார். மத்தியான போன் நின்றுவிட்டது. நோவு இருக்கிறதா என்று கேட்க ஆளில்லாமல், ஒப்பரேஷன் பண்ணிய இடம் வலிக்கும்போதெல்லாம் நான் போனைப் பார்ப்பேன்.

பிறகு நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தேன். நீங்கள் என்னைக் கண்டதும் எழுந்தீர்கள். "இரிங்க, கை அழுக்கு" என்று உள்ளே போய்க் கழுவினீர்கள். துடைத்துக்கொண்டு வந்தீர்கள். கிட்ட வந்ததும், "பசை ஒட்டியிரிக்கி போல" என்று திரும்பவும் போய்க் கழுவினீர்கள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வந்து, "அடுத்த முறை தூக்குறேன்" என்றீர்கள். நான் என்ன நினைப்பது? கோபமா, பொறாமையா, பயமா? பஸ்ஸில் வரும்போது எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் வந்தது. அடுத்த நிமிடமே அழுகை வந்தது. என் பிள்ளை உயிரோடு மடியில் கிடப்பதே உங்களால்தான், அந்தப் பிள்ளையைத் தொட உங்களால் முடியவில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று யாரிடம் கேட்க?

அதன்பிறகு ஒரு மழை நாளில், யாரும் கூட வராமல், குடையோடு எங்கள் லயத்துப் படியேறி வந்தீர்களே. கதவடியில் சேறு படிந்த செருப்பைக் கழற்றிவிட்டு, கையை நீட்டினீர்கள். பிள்ளையைத் தந்தேன். பொழுது சாயும்வரை வைத்திருந்தீர்கள். அவள் தூங்கினாள், விழித்தாள், உங்கள் முக்காட்டை நனைத்தாள். நான் தேத்தண்ணி வைத்தேன், ஆறிப்போனது. போகும்போது, "கால் சின்னது" என்றீர்கள். அவ்வளவுதான்.

பிறகெல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. அவள் நடக்கத் தொடங்கியபோது முதல் சப்பாத்து நீங்கள் மாட்டியது. உங்களைச் சப்பாத்துப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். சில மாதம் அடிக்கடி வருவீர்கள், சில மாதம் எட்டியும் பார்க்க மாட்டீர்கள். நான் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். கண்டி கிளினிக்குக்கு நீங்கள் திரும்பப் போகவேயில்லை. ஏன் என்றும் நான் கேட்கவில்லை.

போன வருடம் ஒரு காலையில் உங்கள் தம்பி எனக்குப் போன் எடுத்தார். "தாத்தா..." என்றார். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. தலைக்குள் இரத்தம் கசிந்து, பள்ளிக்குப் பிள்ளைகள் போகும் நேரத்தில் கடை திறக்க இறங்கிய நீங்கள் படியிலேயே சரிந்துவிட்டீர்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தேன். பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் பொட்டோடு நான் எங்கே நிற்பது, கிட்ட வரலாமா என்று தெரியாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் உம்மாதான் என்னைக் கண்டு, பாயில் இடம் விட்டு, "வாங்க மகள், இங்க வந்து இரிங்க" என்று கூப்பிட்டார். உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஏதோ சப்பாத்துப் பெட்டியின் நம்பரைத் தேடிக்கொண்டிருப்பவர்போல இருந்தீர்கள்.

ஆண்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வீடு வெறிச்சென்று ஆனது. உம்மா என் கையைப் பிடித்தபடியே இருந்தார். என் மகளைப் பற்றிக் கேட்டார். பள்ளிக்கு விட்டிருக்கிறேன் என்றேன். அப்போதுதான் அவர் சொன்னார்.

"அவக்கும் இப்படித்தான் மகள். கலியாணம் முடிச்ச அடுத்த வருசம். வயித்துல புள்ள. வலது பக்கம் நோவுண்டு செல்லினா. நான்தான் புள்ள நோவுண்டு செல்லிப் படுக்க வெச்சேன். சீரகத் தண்ணி குடுத்தேன். கொண்டு போறப்ப எல்லாம் முடிஞ்சி. புள்ளயும் இல்ல. அந்தப் பக்கமும் இல்ல."

நான் அவரையே பார்த்தேன்.

"ஒங்களுக்குச் செல்லல்லயா?"

"இல்லம்மா."

"என்னையும் ஒரு வார்த்தை ஏசல்ல. ஒருநாளும் என்னை ஒண்டும் கேக்கல்ல. கேட்டிருந்தாத் தாங்கியிருப்பேன்."

ஊசி போடும்போது உங்கள் வயிற்றில் அந்தத் தழும்பைப் பார்த்திருக்கிறேன் அக்கா. கேட்டேன். "குடல்வால்" என்றீர்கள். நானும் நம்பி, அதற்குப் பக்கத்திலேயே ஊசியைக் குத்தினேன்.

எந்தப் பக்கம் என்று நீங்கள் கேட்டது எனக்கு இப்போது விளங்குகிறது. தினமும் நோவைக் கேட்டதும், தியேட்டர் கதவில் நீங்கள் சொன்னதும் விளங்குகிறது. ஆனால் விளங்க விளங்க எனக்குக் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஏன் சொல்லவில்லை? நான் பயந்துவிடுவேன் என்றா? சொன்னால் உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்துவிடும் என்று நினைத்தீர்களா? சொன்னால் உம்மாவைக் குற்றம் சொல்வதுபோல ஆகிவிடும் என்றா? பிள்ளை அழுததும் எழுந்து போனீர்களே, அது என் பிள்ளையின் அழுகையாகக் கேட்டதா, உங்களுடைய பிள்ளை அழாமல் போனதாகக் கேட்டதா? என் வீட்டுக்காரர், "அவங்களுக்கு சந்தோஷம் தாங்கலடி" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, தன் கண் பட்டுவிடக் கூடாது என்று போயிருப்பார் என்கிறார். இரண்டையும் நம்புகிறேன். இரண்டையும் நம்பாமலும் இருக்கிறேன். நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்களா, அன்றைக்கு அந்த வேனில் உங்களையே கொண்டுபோனீர்களா? ஒருவேளை உங்களுக்கே தெரிந்திருக்காதோ?

எங்களுக்குக் கீழே, பணிய லயத்தில், கலியாணமாகி வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். உங்களுக்கு அவளைத் தெரியாது. நாலு வருடமாகப் பிள்ளையில்லை. அவளைக் கண்டிக் கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றாள். நேற்று அவளோடு போனேன்.

வாங்குகளை மாற்றியிருக்கிறார்கள். இப்போது பிளாஸ்டிக் கதிரைகள். உட்கார்ந்ததும் அவள் கேட்டாள், "அக்கா, அந்த ஊசி போட்டா ஆபத்துன்னு சொல்றாங்களே. உண்மையா?"

பயப்படாதே என்று சொல்லியிருக்கலாம். என் மகள் இந்த ஊசியால் வந்தவள். வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். என் வலது பக்கம் காலியாக இருக்கிறது. டொக்டரிடம் ஒருமுறை கேட்டேன், எல்லாம் அந்த ஊசியாலா என்று. அதனால் மட்டும் என்று சொல்ல முடியாது, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்றார். அதை அவளிடம் சொன்னேன். பிறகு என் கதையைச் சொன்னேன். பிறகு உங்கள் கதையையும் சொல்லிவிட்டேன் அக்கா. பெயரைச் சொல்லவில்லை. நீங்கள் வாயைத் திறக்காத விஷயத்தை நான் சொல்லலாமா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அவள் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "அப்ப நான் போடவா, வேணாமா?"

"தெரியல புள்ள. அத நீயும் டொக்டரும்தான் முடிவு பண்ணணும். ஆனா எங்க வலிச்சாலும் எனக்குப் போன் பண்ணு. யாரு என்ன வலின்னு சொன்னாலும் நீ பண்ணு. நான் வந்துருவேன்."

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் தன் பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. அந்தப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தியேட்டருக்கு வெளியே, பிள்ளை அழும்வரை, நீங்களும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பீர்கள், எதுவும் நிச்சயமில்லாமல், எழுந்து போகவும் முடியாமல். நான் எழுந்து போகவில்லை அக்கா. அவள் வெளியே வரும்வரை அங்கேயே இருந்தேன்.